முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் இரண்டாம் தளத்தில் இருக்கும் மாமா, தேநீர் நேரத்துக்கு முன்பே வந்து கதவைத் தட்டினார். இரத்த உறவு இல்லை. அப்பாவோடு ஒரே கொம்பனியில் கணக்கெழுதியவர், எண்பத்து நான்கு வயது. கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, "எழுத்து எனக்குத் தெரியவில்லை பிள்ளை, எண்ணிக்கையை மட்டும் வாசித்துச் சொல்" என்றார்.

திருகோணமலையில் அன்று இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவு. சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. வாசித்தேன். அது நல்ல முடிவா, கெட்ட முடிவா என்று மாமா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு எண்களையும் மனத்துக்குள் கூட்டினார். "321 பேர்" என்றார். "321 பேர் வரிசையில் நின்று புள்ளடி போட்டிருக்கிறார்கள்." பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியால் துடைத்தார். நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கட்சி 1949 டிசம்பர் 18ஆம் திகதி தொடங்கப்பட்டது. அதன் தலைவரை வாக்கெடுப்பால் தெரிவு செய்தது இதுவே முதல் தடவை என்று பத்திரிகைகள் எழுதின. தோற்றவர் அன்றே வென்றவரை வாழ்த்தினார். அந்த வாழ்த்துச் செய்தியையும் மாமா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

அதற்குச் சரியாக எட்டு நாளுக்கு முன்னர், ஜனவரி 13 சனிக்கிழமை இரவு, பாகிஸ்தானின் உச்ச நீதிமன்றம் இம்ரான் கானின் கட்சிக்குக் கிரிக்கெட் மட்டைச் சின்னம் கிடையாது என்று தீர்ப்பளித்திருந்தது. கட்சிக்குள் நடந்த தேர்தல் அதன் யாப்பின்படி நடக்கவில்லை என்பது காரணம். பொதுத் தேர்தலுக்கு நான்கு வாரங்கள்கூட இல்லை. இம்ரான் கானோ முந்தைய ஓகஸ்ட் மாதத்திலிருந்து சிறையில். மாமாவுக்கு எண்களை வாசித்த அந்த மாலையில் இரண்டு செய்திகளும் என் மனத்தில் ஒன்றாக வந்து உட்கார்ந்தன, இன்னும் எழுந்து போகவில்லை. துப்பாக்கிக்கு அருகில் வாழ நேர்ந்த கட்சிகள் தங்கள் தலைவரை எப்படித் தெரிவு செய்கின்றன, அந்தத் துப்பாக்கி போன பிறகும் அவற்றுக்குள் எது மிஞ்சுகிறது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கொழும்பில் வளர்ந்த தமிழருக்கு இது பிறநாட்டுச் செய்தி மட்டும் அன்று.

அப்பாவின் அலுமாரியில் ஒரு கொப்பி இருக்கிறது. சிவப்புத் துணி முதுகு, தடித்த அட்டை, உள்ளே நீலக் கோடுகள். தமிழர் விடுதலைக் கூட்டணியின் கொழும்புக் கிளையொன்றுக்கு அவர் செயலாளராக இருந்தபோது எழுதிய கூட்டறிக்கைப் புத்தகம். தமிழரசுக் கட்சி முதலான கட்சிகள் சேர்ந்து 1976இல் கூட்டணி பிறந்தது. 1977 தேர்தலில் 18 ஆசனங்களை வென்று, அதன் செயலாளர் நாயகம் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். கொழும்புக் கிளைகளின் வேலை சிறியது. சந்தா சேர்ப்பது, வடக்கு கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது, துண்டுப் பிரசுரம் அச்சிடுவது. ஆனால் அப்பாவின் கையெழுத்தில் அந்தச் சிறு வேலைக்கு இருந்த மரியாதையை நான் வேறெங்கும் கண்டதில்லை. "கூட்டம் மாலை 5.30க்குத் தேவாரத்துடன் ஆரம்பமானது. சென்ற கூட்டறிக்கை வாசிக்கப்பட்டு, ஒரு திருத்தத்துடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது. முன்மொழிந்தவர்..., வழிமொழிந்தவர்..." ஒவ்வொரு கூட்டத்துக்கும் இதே நடை. 1978இல் ஒரு பக்கம்: பொருளாளர் பதவிக்கு இருவர் போட்டி, இரகசிய வாக்கெடுப்பு, 14க்கு 9. அடுத்த கூட்டத்தின் வரவுப் பட்டியலில் தோற்றவரின் கையொப்பம் மூன்றாவதாக இருக்கிறது.

அந்தக் கையொப்பத்தை இப்போதுதான் கவனிக்கிறேன். சிறு வயதில் எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன், அது கண்ணில் பட்டதில்லை.

1983 யூலைக்குப் பிறகு கொப்பியில் இரண்டு ஆண்டு வெறுமை. மீண்டும் எழுதத் தொடங்கியபோது 23 பெயர்கள் 8 ஆகியிருந்தன. கடைசிப் பதிவு 1989 ஜூன். அதன் அடியில் "அடுத்த கூட்டம் யூலை 16, ஞாயிறு" என்று அப்பா எழுதியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு மூன்று நாள் முன்னர், யூலை 13ஆம் திகதி மாலை, புல்லர்ஸ் வீதி வீட்டில் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கூட்டணியின் தலைவர் சிவசிதம்பரம் காயத்தோடு தப்பினார். சுட்டவர்கள் விடுதலைப் புலிகள். பேசவேண்டும் என்று நேரம் கேட்டு வந்தவர்கள்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அன்று இரவு எங்கள் வீட்டில் விளக்குப் போடவில்லை. அப்பா முன்னறையில் நாற்காலியில் இருந்தார். அம்மா என்னை அழைத்து, யாராவது வந்து கட்சி அலுவலாக ஐயாவைக் காணவேண்டும் என்று கேட்டால் ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லவேண்டும் என்றார். நான் அதை மூன்று தடவை சொல்லிக் காட்டினேன். யாரும் வரவில்லை. அப்பா அதன் பிறகு கட்சியைப் பற்றி எங்களோடு பேசியதே இல்லை. கொப்பியை மட்டும் எறியவில்லை.

அந்தக் கொலைக்கு முந்திய சில மாதங்களையும் சொல்லவேண்டும். 1989 பெப்ரவரிப் பொதுத் தேர்தல் நடந்தபோது வடக்கு கிழக்கில் இந்திய அமைதி காக்கும் படை நின்றது. கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் அந்தப் படையின் ஆதரவு பெற்ற ஆயுத இயக்கங்களும் சேர்ந்து நின்றன. அமிர்தலிங்கம் மட்டக்களப்பில் போட்டியிட்டுத் தோற்று, தேசியப் பட்டியலால்தான் பாராளுமன்றம் வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மக்கள் அலையாக எழுந்து கொண்டுவந்த சூரியன், அந்த ஆண்டு ஒரு படையின் நிழலில் நின்று, இன்னோர் ஆயுதத்தின் குறியாகியது. எங்கள் கட்சிகளுக்கு ஒரு துப்பாக்கி மட்டும் இருந்திருந்தால் கதை எளிது. எப்போதும் இரண்டு, மூன்று இருந்தன.

பிறகும் பட்டியல் நீண்டது. யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்த சரோஜினி யோகேஸ்வரன் 1998 மே மாதத்தில், அவருக்குப் பின் முதல்வரான பொன் சிவபாலன் அதே ஆண்டு செப்டெம்பரில். 1999 யூலை 29 காலையில் கொழும்பு கின்சி டெரஸுக்கு அருகில் நீலன் திருச்செல்வம். இவர்கள் எல்லோரும் கூட்டணிக்காரர்கள். பின்னர், அரசுப் பக்கத்தது என்று பலர் சொல்லும் மறுபக்கத்துத் துப்பாக்கி: 2005 நத்தார் ஆராதனையில் மட்டக்களப்புத் தேவாலயத்துக்குள் ஜோசப் பரராஜசிங்கம், 2006 நவம்பர் 10 காலையில் நாரஹேன்பிட்டியில் நடராஜா ரவிராஜ். ரவிராஜ் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட ஐவரும் 2016 டிசம்பரில் விடுதலையானார்கள். அவர்களில் கடற்படையினரும் இருந்தார்கள். இந்தப் பெயர்களை வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன் என்று தெரிகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுரை வேண்டும்.

கொலையைப் பற்றி எழுத எங்களுக்குச் சொற்கள் உண்டு. கொலைக்குப் பிறகு கட்சிக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றிப் பேசத்தான் தயங்குகிறோம். 2001 ஒக்டோபரில் கூட்டணியும் வேறு தமிழ்க் கட்சிகளும் சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அந்த ஆண்டுகளில் வெள்ளவத்தையில் எந்த அரசியல் பேச்சும் ஒரே கேள்வியில்தான் போய் முடியும்: "வன்னியில் என்ன சொல்கிறார்கள்?" வன்னி என்றால் புலிகளின் தலைமை. செயற்குழு என்ன சொல்கிறது என்று யாரும் கேட்டதை நான் கேட்டதில்லை. 2002 ஜூனில் சிவசிதம்பரம் மறைந்த பின் கூட்டணியின் தலைவரான ஆனந்தசங்கரி, புலிகளைத் தமிழரின் ஏகபிரதிநிதிகள் என்று ஏற்க மறுத்தார். கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். விவகாரம் கொழும்பு நீதிமன்றத்துக்குப் போனது. உதயசூரியன் ஆனந்தசங்கரியின் பக்கத்திலேயே நின்றது. மற்றவர்கள் அதை விட்டுவிட்டு, பெயரளவில் பதிவிலிருந்த தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். 2004 ஏப்ரலில் வீடு 22 ஆசனங்களை வென்றது. சுயேச்சையாக நின்ற ஆனந்தசங்கரி தோற்றார்.

அந்த வீட்டுக்கு வாக்களித்தவர்களில் நானும் ஒருத்தி அல்லள், கொழும்பில் எனக்கு அந்தச் சீட்டுக் கிடைக்காது. கிடைத்திருந்தால் போட்டிருப்பேன். பேச்சுவார்த்தை மேசையில் தமிழர் ஒரே குரலில் நிற்கவேண்டும் என்ற ஆசை அப்போது உண்மையான ஆசை. அதைப் பொய் என்று இன்று எழுதினால் அது நேர்மை ஆகாது. ஆனால் வேட்பாளர் பட்டியலுக்குக் கிளிநொச்சியில் இருந்த புலிகளின் சம்மதம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு கட்சியின் தலைவர் அதன் பொதுச்சபையில் தோற்றுப் பதவி இழந்தால் அது அரசியல். பொதுச்சபைக்கு வெளியே நிற்கும் ஓர் ஆயுதத்தின் முகக்குறிப்பைப் பார்த்து உறுப்பினர்கள் அணி பிரிந்தால் அதற்கு வேறு பெயர். ஆனந்தசங்கரியின் பல கருத்துகள் எனக்கு உடன்பாடில்லை. அவரைத் தோற்கடிக்கும் உரிமை அவருடைய கட்சிக்காரர்களுக்கு மட்டுமே இருந்தது. அந்த உரிமையை அவர்கள் கைமாற்றிக் கொடுத்தார்கள்.

பாகிஸ்தானைப் பார்க்கும்போது எங்கள் கதையின் பெரிய எழுத்துப் பதிப்பைப் பார்ப்பது போல இருக்கிறது. அங்கே படை அரசின் படை, அதற்கு வழக்கறிஞர்களும் ஆணைக்குழுக்களும் துணைக்கு வரும். ஆனால் அது கட்சிகளைக் கையாளும் விதம் அறுபது ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. இராணுவ ஆட்சியாளர் அயூப் கான் 1962இல், தடைசெய்யப்பட்டிருந்த முஸ்லிம் லீக்கை அப்படியே விட்டுவிடவில்லை. அதன் பெயரில் ஒரு மாநாட்டைக் கூட்டவைத்தார். மறுத்தவர்கள் தனியாகக் கவுன்சில் முஸ்லிம் லீக் ஆனார்கள். மாநாட்டு முஸ்லிம் லீக்குக்கு அயூபே பின்னர் தலைவரானார். 1988 மே மாதத்தில் ஜெனரல் ஸியா தாமே நியமித்த பிரதமர் ஜூனேஜோவைப் பதவி நீக்கினார். ஜூனேஜோ தலைமை தாங்கிய முஸ்லிம் லீக் அதே ஆண்டில் இரண்டானது, பிரிந்த பக்கத்தில் நவாஸ் ஷெரீப் எழுந்தார். 1999இல் அதே நவாஸைக் கவிழ்த்த ஜெனரல் முஷாரப்புக்கு, அதே லீக்கிலிருந்து உடைத்தெடுத்த இன்னொரு லீக் கிடைத்தது. மக்கள் அதற்கு அரசரின் கட்சி என்று பெயர் வைத்தார்கள்.

இராணுவத் தலைமையகம் இருப்பது ராவல்பிண்டியில். அதன் நான்காம் இலக்க வாயில் அந்நாட்டு அரசியல் பேச்சில் ஒரு பழமொழி போல ஆகிவிட்டது. யாருக்குப் பதவி வருகிறது, யாருக்குப் போகிறது என்பதற்கு அந்த வாயிலைத்தான் காட்டுவார்கள். எங்களுக்கு வன்னி, அவர்களுக்குப் பிண்டி. 2022 நவம்பரில் ஓய்வு பெறப்போன தளபதி பாஜ்வா, எழுபது ஆண்டுகளாக இராணுவம் அரசியலில் தலையிட்டு வந்தது என்றும் அது அரசியலமைப்புக்கு மாறானது என்றும் தாமே மேடையில் சொன்னார். அடுத்த ஆண்டு மே 9 கலவரங்களுக்குப் பிறகு இம்ரானின் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராகச் செய்தியாளர் முன் வந்து உட்கார்ந்து, கட்சியை விட்டு விலகுகிறேன் என்று வாசித்துவிட்டுப் போனார்கள். அந்தக் காணொளிகளில் பலவற்றைப் பார்த்தேன். வாசிப்பவர்களின் கண்கள் தாளை விட்டு எழுவதில்லை. தடுத்து வைக்கப்பட்டிருந்து வெளியே வந்தவர்கள் அவர்களில் பலர். யூலை 13 இரவு எங்கள் முன்னறையில் அப்பா இருந்த இருப்பு நினைவுக்கு வந்தது.

மட்டைச் சின்னத்தின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2023 டிசம்பர் 2ஆம் திகதி பெஷாவரில் அந்தக் கட்சி நடத்திய உட்கட்சித் தேர்தலில் வழக்கறிஞர் கோஹர் அலி கான் போட்டியின்றித் தலைவரானார். யாப்பின்படி நடக்கவில்லை என்று தேர்தல் ஆணைக்குழு சொன்னதில் உண்மை இருந்தது. வேலியில் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையைத் தேடிக்கொண்டு இரவும் பகலும் வேலியைச் சுற்றி வந்தவர்களும் இருந்தார்கள். மற்றக் கட்சிகளின் உட்கட்சித் தேர்தல்களும் அவ்வளவு ஒழுங்கானவை அல்ல, அவற்றின் சின்னங்களை யாரும் பறிக்கவில்லை. பெப்ரவரி 8 தேர்தலில் மட்டையில்லாமல் சுயேச்சைகளாக நின்றவர்கள்தாம் மிகப் பெரிய அணியாக வென்றார்கள். மக்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். ஆனாலும் என் மனம் அந்தப் பெஷாவர் கூட்டத்திலேயே நிற்கிறது. உள்ளே உண்மையான போட்டி ஒன்று நடந்து, தோற்றவர் ஒருவர் எழுந்து நின்று முடிவை ஏற்றிருந்தால், பறிப்பவர்களின் கை இவ்வளவு எளிதாக நீண்டிருக்குமா?

பங்களாதேஷைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் என் எண்ணத்தைத் திருப்பிப் போட்டது அந்தக் கதைதான். 2007 ஜனவரி 11ஆம் திகதி டாக்காவில் இராணுவ ஆதரவுடன் ஓர் இடைக்கால ஆட்சி வந்தது. ஹசீனா, காலிதா ஜியா என்ற இரு பெரும் கட்சித் தலைவியரையும் அரசியலிலிருந்து அகற்றும் முயற்சிக்கு அங்குள்ளவர்கள் இட்ட பெயர் மைனஸ் டூ, இருவரைக் கழிப்பது. அந்த நேரத்தில் காலிதாவின் கட்சிப் பொதுச் செயலாளர் மன்னான் புய்யான் உட்கட்சிச் சீர்திருத்த யோசனைகளை முன்வைத்தார். அவற்றில் பல நல்ல யோசனைகள். பதவிக் காலத்துக்கு எல்லை, ஒருவரிடமே எல்லா அதிகாரமும் குவியாமல் தடுப்பது. அமைதியான காலத்தில் வந்திருந்தால் நானும் வரவேற்றிருப்பேன். படையின் நிழலில் வந்ததால் அவை துரோகமாகத் தெரிந்தன. செப்டெம்பர் 3ஆம் திகதி கைது செய்யப்படும் தறுவாயில் காலிதா, புய்யானைக் கட்சியிலிருந்து நீக்கி வேறொருவரைச் செயலாளராக நியமித்தார். ஒரே ஒரு கையொப்பம். படை தோற்றது, கட்சி தப்பியது, சீர்திருத்தம் செத்தது.

இதைத்தான் நான் நெடுங்காலம் காணாமல் இருந்தேன். வெளியிலிருந்து ஒரு கை உள்ளே வரும்போது கட்சிக்காரர்கள் யாரையும் நம்ப முடியாமல் போகிறார்கள். பக்கத்தில் இருப்பவன் விலை போயிருக்கலாம். அப்போது அவர்கள் இரத்தத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் இரத்தம் விலை போகாது என்று நம்புகிறார்கள். பாகிஸ்தானில் முன்னாள் பிரதமர் பூட்டோ 1979இல் தூக்கிலிடப்பட்டபின் அவருடைய கட்சி அவருடைய மனைவியிடமும் மகளிடமும் போனதும், 2007இல் மகள் கொல்லப்பட்டபின் அவருடைய கணவரிடமும் மகனிடமும் போனதும் அப்படித்தான். எங்களுக்குப் பரம்பரை அமையவில்லை. ஒரு மூத்தவரைப் பிடித்துக்கொண்டோம். 2004இல் கூட்டமைப்பை வழிநடத்திய சம்பந்தன் 2024 ஜூன் 30ஆம் திகதி கொழும்பில் 91 வயதில் காலமாகும் வரை அந்தக் கூட்டமைப்பின் பெரியவராகவே இருந்தார். அவருக்குப் பின் யார் என்று அவர் முன் கேட்பதே அவமரியாதை என்று எண்ணியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

பழைய தமிழரசுக் கட்சி அப்படி இருக்கவில்லை. அது பிறந்ததே ஒரு தலைமைச் சண்டையில்தான். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டிலேயே தமிழ்க் காங்கிரஸ் தலைவர் பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். அதை ஏற்காமல் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறி, மருதானையில் அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். யாரும் யாரையும் சுடவில்லை. 1972இல் அதே இருவரும் ஒரே முன்னணியில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கட்சித் தலைவர் பதவி வன்னியசிங்கம், இராஜவரோதயம், இராசமாணிக்கம், நாகநாதன் என்று கைமாறிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என்று ஊரும் மாறியது. தந்தை செல்வா என்று மக்கள் அழைத்த செல்வநாயகம் பல ஆண்டுகள் தலைவர் பதவியில் இல்லாமலே தலைவராக இருந்தார்.

2009க்குப் பிறகு இந்தப் பழக்கம் தானாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. வரவில்லை. ஜனவரி 21இன் மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. செயலாளர் தெரிவில் தகராறு, மாநாடு ஒத்திவைப்பு, பெப்ரவரியில் நீதிமன்றத் தடையுத்தரவு. வென்றவர் பதவியேற்க முடியவில்லை. நவம்பர் 14 பொதுத் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்கு மொத்தம் 8 ஆசனங்கள், யாழ்ப்பாணத்தில் ஒன்றே ஒன்று. அங்கே அப்போதைய ஜனாதிபதியின் கட்சியான தேசிய மக்கள் சக்தி மூன்றை எடுத்தது. 2025இல் கட்சியில் பதில் தலைவரும் பதில் செயலாளரும் இருந்தார்கள். அந்தப் "பதில்" என்ற சொல்லைப் பத்திரிகையில் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வெளியே எந்தத் துப்பாக்கியும் நிற்கவில்லை. நின்ற இடத்தைப் பார்த்தே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். உள்ளே இருப்பவன் சொல்வதை நம்பாமல், தீர்ப்பை வெளியே தேடுகிறோம். முன்பு வன்னி, இப்போது மாவட்ட நீதிமன்றம். இரண்டும் ஒன்றல்ல, நீதிமன்றம் யாரையும் கொல்லாது. ஆனாலும் தேடிப் போகும் கால்கள் பழைய தடத்திலேயே போகின்றன.

சென்ற மாதம் அப்பாவின் கொப்பியை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். 1978ஆம் ஆண்டுப் பக்கத்தை விரித்து வைத்தேன். பொருளாளர் தெரிவு, 14க்கு 9. அந்த ஒன்பது வாக்குப் பெற்றவர் மாமா.

அவர் விரலை அந்த எண்ணின் மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். "அன்று இரவு நித்திரை வரவில்லை" என்றார். "இனிமேல் கூட்டத்துக்குப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அடுத்த மாதம் உன் அப்பா பஸ் தரிப்பிடத்தில் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. பஸ் வந்தது, ஏறினோம்."

"கூட்டத்தில் என்ன நடந்தது மாமா?"

"வென்றவர் கணக்குக் கொப்பியை என் பக்கம் தள்ளி, ஒருதரம் கூட்டிப் பாருங்கள் என்றார். இரண்டு ரூபா பிழை இருந்தது. சொன்னேன். திருத்தினார்."